சபாநாயகரின் ஒற்றை ஓட்டு

ஜனவரி 12

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுறேன். முந்தாநாள் உனக்குப் போன் பண்ணினேன். எடுத்தவர் உன் செயலாளராம். "யார் பேசுறீங்க, என்ன விஷயமா?"ன்னார். "அண்ணன் பேசுறேன், தங்கச்சிகிட்ட பேசணும்"னேன். "சபாநாயகர் அம்மா கூட்டத்துல இருக்காங்க, விஷயத்தைச் சொன்னா குறிச்சுக்கிறேன்"னார். என்னத்தைச் சொல்ல? வீட்ல குழாய் ஒழுகுது, குறிச்சுக்கோங்கன்னா சொல்ல முடியும்? வெச்சுட்டேன். இனிமே கடுதாசிதான். இதைப் பிரிக்கிறதுக்கும் ஒரு ஆள் இருந்தா அவருக்கும் என் வணக்கம்.

முதல்ல வாழ்த்து. நம்ம ஊர்லேர்ந்து போன ஒரு எம்.பி. நாடாளுமன்றத்துக்கே சபாநாயகர் ஆனது சின்ன விஷயமில்ல. பஸ் டிப்போவுல என்கூட மெக்கானிக் வேலை பார்த்த பசங்கள்லாம் வந்து கை குலுக்கிட்டுப் போனாங்க. ரிட்டயர் ஆகுறப்போ கூட எனக்கு அவ்வளவு கை கிடைக்கல.

ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. சின்ன வயசுல உனக்கு வாயாடின்னு பேர் வெச்சவனே நான்தான். அந்த வாயாடியைத் தேடிப் பிடிச்சு, விவாதத்துல வாயே திறக்கக் கூடாத நாற்காலியில உட்கார வெச்சிருக்காங்க. ஆளுங்கட்சிக்காரங்க கெட்டிக்காரங்கதான்.

உன் தொகுதி ஆபீஸைத் திறந்து உட்கார்ந்திருக்கிறவன் நான். வர்றவங்க எல்லாருக்கும் ஒரே கேள்வி: "இனிமே நம்ம விஷயத்தை அங்க யார் பேசுவா?" உன் அண்ணியும் அதையேதான் கேட்டா. அட்டைப்பெட்டிப் பட்டறையில அவ வலது கையில மூணு விரல் போய் ரெண்டு வருஷமாச்சு. அங்க வேலை பார்த்தது ஏழு பேர். பத்துப் பேருக்குக் குறைஞ்ச பட்டறைக்கு விபத்துச் சட்டமே கிடையாதுன்னு கைய விரிச்சுட்டாங்க. அதை மாத்தணும்னு சபையில ஓயாம கத்தின ஒரே ஆள் நீதான். இப்போ அந்த ஒரு ஆளும் மேல ஏறி உட்கார்ந்தாச்சு.

அண்ணி உன்னை விசாரிச்சதா எழுதச் சொன்னா. நேரத்துக்குச் சாப்பிடு.

அண்ணன்


ஜனவரி 20

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை நான்தான் பிரித்தேன். சொந்தக் கடிதங்களை யாரும் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். செயலாளர் நல்ல மனிதர். "உங்கள் அண்ணன் ரொம்பக் கோபமாக வைத்துவிட்டார்" என்று மூன்று முறை வருத்தப்பட்டார்.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன் என்று நீ நேராகக் கேட்கவில்லை. ஆனால் வரிக்கு வரி அதுதான் இருக்கிறது. ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை நூலிழை. அவர்கள் நிறுத்திய ஆளை எதிர்க்கட்சி ஏற்கவில்லை. எதிர்க்கட்சி சொன்ன ஆளை இவர்கள் ஏற்கவில்லை. ஒரு வாரம் சபையே கூடவில்லை. கடைசியில் இரண்டு பக்கமும் என் பெயரைச் சொன்னார்கள். சொந்தக் கட்சியையே கேள்வி கேட்கிறவள் யாருக்கும் சாயமாட்டாள் என்ற நம்பிக்கை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசையும் இருந்தது, மறைக்கவில்லை.

ஆளுங்கட்சியிலிருந்து விலகிவிட்டேன், சபாநாயகருக்கு அதுதான் முறை. கேன்டீனுக்கும் போவதில்லை. நான் ஒரு மேசையில் உட்கார்ந்தால் எதிர் மேசைக்காரர்கள் என்ன பேசினோம் என்று யோசிப்பார்கள். எட்டு வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்த தோழி, வராந்தாவில் பார்த்தால் ஒதுங்கி நின்று தலை குனிகிறாள். அது எனக்கு இன்னும் பழகவில்லை.

நம் விஷயத்தை நான் அநாதையாக விடவில்லை. அரசு இப்போது விபத்து மசோதாவைப் புதுப்பித்துக் கொண்டுவருகிறது. அதிலும் சின்னப் பட்டறைகள் இல்லை. அவற்றையும் சேர்க்க நான் எழுதி வைத்திருந்த திருத்தத்தை, நாற்காலியில் ஏறும் முன்பே, எதிர்க்கட்சியில் இருக்கும் டாக்டர் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். கை நசுங்கி வந்தவர்களுக்குத் தையல் போட்டவர் அவர். என்னைவிட நன்றாகவே பேசுவார்.

அண்ணியிடம் சொல். நான் பேசாவிட்டாலும் பேச்சு நிற்காது.

தங்கை


பிப்ரவரி 15

அன்புத் தங்கச்சிக்கு,

டிவியில பார்த்தேன். அந்தக் கறுப்பு அங்கி உனக்கு ஒரு சுத்து பெருசு, தோள்ல நிக்கவே இல்ல. ரெண்டு பேர் மேசையைத் தட்டிக் கத்தினப்போ நீ எழுந்து நின்ன பாரு, அவ்வளவுதான், ரெண்டு பேரும் பெட்டிப் பாம்பா அடங்கிட்டாங்க. "நான் நாள் முழுக்கக் கத்தினாலும் நீங்க டிவியை நிறுத்துறதில்ல, அவ எழுந்து நின்னாலே நிக்குதே"ன்னா அண்ணி.

மார்ச் முதல் வாரம் திருத்தம் வருதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். ஊரே அதைத்தான் பேசுது. டாக்டர் அம்மா பக்கம் ஆள் சேருதாம். ஆளுங்கட்சியிலேயே ரெண்டு மூணு பேர், பட்டறை இருக்கிற ஊர்க்காரங்க, ஆதரிப்பாங்களாம். அன்னிக்கு ஆபீஸ்ல டிவி வெச்சு எல்லாரும் பார்க்கப் போறோம். அண்ணியோட பழைய பட்டறைப் பொண்ணுங்க அரை நாள் லீவு கேட்டிருக்காங்க. முதலாளி முறைச்சானாம். "போய்ப் பாருங்க, சட்டம் வந்தா உங்களைத்தான் முதல்ல வீட்டுக்கு அனுப்புவேன்"னானாம்.

அவன் சொல்றதும் முழுப் பொய் இல்லன்னு எனக்குத் தெரியும். அவனும் ஒரு மெஷினை வட்டிக்கு வாங்கி ஓட்டுறவன்தான். ஆனா விரல் அவனுது இல்லையே.

நம்பிக்கையா இருக்கோம்.

அண்ணன்


மார்ச் 4

மாண்புமிகு சபாநாயகர் அவர்களுக்கு,

நேத்து உங்கள் தொகுதி ஆபீஸில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன்.

ரெண்டு பக்கமும் ஓட்டு சமம் என்று நீங்கள் வாசித்தபோது இங்கே விசில் அடித்தார்கள். ஏன் தெரியுமா? மிச்சம் இருப்பது உங்கள் ஓட்டு ஒன்றுதான், அது யாருக்கு விழும் என்று யாருக்கும் சந்தேகமே இல்லை. ஒருத்தன் ஓடிப்போய் இனிப்பே வாங்கி வந்துவிட்டான்.

"நான் இல்லை என்று வாக்களிக்கிறேன்" என்றீர்கள்.

உங்கள் அண்ணி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். சுவரைப் பார்த்துப் படுத்தவள் இன்னும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்களே எழுதின திருத்தத்தை நீங்களே கழுத்தை நெரித்துப் போட்டதற்கு என்ன காரணம் இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டாம்.

ஆபீஸ் சாவியை உங்கள் செயலாளர் பெயருக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தொகுதி வாக்காளன்


மார்ச் 10

அண்ணா,

தெரிய வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஆனாலும் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் படித்துவிட்டுக் கிழி.

விவாதம் நடந்தபோது சபையில் பாதிக்கு மேல் காலி. டாக்டர் அம்மா, பெயர் சொல்லாமல், அண்ணியின் கையைப் பற்றிப் பேசினார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வாக்கெடுப்பு மணி அடித்தது. நூலகம், கேன்டீன், வராந்தா, கழிவறை என்று கட்டடம் முழுக்க ஒரே நேரத்தில் அலறுகிற மணி. அப்போதுதான் எல்லோரும் ஓடி வருவார்கள். மணி நின்றதும் கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு பிரதமரே வந்தாலும் வெளியேதான்.

எண்ணிக்கைச் சீட்டு என் கைக்கு வந்தது. தப்பாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். மறுபடி எண்ணச் சொன்னேன். அதேதான்.

சபாநாயகருக்கு மற்ற நேரங்களில் வாக்கு கிடையாது. சமமாக வந்தால் மட்டும் ஒன்று உண்டு. அதையும் என் விருப்பத்துக்குப் போடக் கூடாது என்பது பழைய நடைமுறை. பாதிப் பேர் வேண்டும், பாதிப் பேர் வேண்டாம் என்றால் பெரும்பான்மை அமையவில்லை என்று அர்த்தம். அமையாத பெரும்பான்மையை நாற்காலியில் இருப்பவர் தன் கையால் உண்டாக்கக் கூடாது. மசோதா வந்தபடியே இருக்க விட வேண்டும்.

அது எழுதி வைத்த சட்டம் கூட இல்லை, அண்ணா. மீறியிருந்தால் யாரும் என்னைச் சிறையில் போட்டிருக்க மாட்டார்கள். 'ஆம்' என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது, அதைத்தான் நீ புரிந்துகொள்ள வேண்டும். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதைத்தான் யோசித்தேன். அண்ணியின் முகம்தான் முன்னால் நின்றது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. நாளைக்கு இந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்காருவார். அவருக்குப் பட்டறை வைத்திருக்கிற மச்சான் இருக்கலாம். இன்று நான் என் அண்ணிக்காக வளைத்தால், நாளைக்கு அவர் மச்சானுக்காக வளைப்பதை எந்த முகத்தோடு கேட்பேன்?

சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்கள். பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது.

சாவி வந்து சேர்ந்தது.

தங்கை


ஏப்ரல் 2

அண்ணா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. அண்ணி எப்படி இருக்கிறாள் என்று மட்டும் ஒரு வரி எழுது. கை வலி குளிர் போன பிறகும் இருக்கிறதா? திட்டியாவது எழுது. நீ திட்டாமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தங்கை


ஏப்ரல் 9

தங்கச்சிக்கு,

திட்டச் சொல்லிக் கேட்டிருக்கே, சரி.

உன் ஆபீஸ் போர்டுல யாரோ தார் பூசிட்டுப் போயிட்டாங்க. நான் துடைக்கல. கடைத்தெருவுல "உன் தங்கச்சி முதலாளிங்ககிட்ட விலை போயிட்டாளா?"ன்னு ஒருத்தன் கேட்டான். அவன் சட்டையைப் பிடிச்சுட்டேன். உன்மேல எனக்கு ஆயிரம் இருக்கும், அதை நான் பேசுவேன், அவன் யார் பேச?

உன் கடுதாசியை நாலு தடவை படிச்சேன். மச்சான் கதை எனக்குப் புரியுது. டிப்போவுல பிரேக்கை நான் டிரைவருக்கு வேண்டிய மாதிரி வெக்க மாட்டேன், பஸ்ஸுக்கு வேண்டிய மாதிரிதான் வெப்பேன், அந்த மாதிரின்னு வெச்சுக்கோ. புத்திக்கு எட்டுது. வயித்தெரிச்சல் மட்டும் அடங்க மாட்டேங்குது.

அண்ணி இப்போ பேசுறா. என்கிட்ட மட்டும். உன் கடுதாசியைப் படிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டா: "சமமா வந்ததாலதானே அவ ஓட்டுப் போட வேண்டி வந்துச்சு? எல்லாரும் வந்திருந்தா எப்படிச் சமமா வரும்? யார் வரல?"

எனக்குப் பதில் தெரியல. நீயாவது சொல்லு. இன்னொண்ணும் சொல்லு. எல்லாம் முடிஞ்சு போச்சா, இல்ல இன்னும் ஏதாவது வழி இருக்கா?

அண்ணன்


ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணா,

யார் வாக்களித்தார்கள், யார் வரவில்லை என்பதெல்லாம் சபை வெளியிடுகிற குறிப்பில் இருக்கும். எந்த நூலகத்திலும் யாரும் பார்க்கலாம். நான் யார் பெயரையும் எழுத மாட்டேன்.

முடிந்துவிட்டதா என்று கேட்டதற்கு, பள்ளிப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறேன். எங்கள் சபையில் நிறைவேறிய மசோதா மேலவைக்குப் போகும். அவர்கள் அதில் எதையாவது சேர்த்தால் அந்த இடம் மட்டும் திரும்ப எங்களிடம் வரும். ஏற்பதா வேண்டாமா என்று மறுபடி வாக்கெடுப்பு நடக்கும். இந்த மசோதா இப்போது அங்கேதான் இருக்கிறது.

நான் ஜாடையாக ஏதோ சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. ஜாடை காட்ட எனக்கு உரிமை இல்லை. தெருவில் போகிற யார் கேட்டாலும் இதே பதிலைத்தான் சொல்வேன். நீ சாவியை அனுப்பியது அன்றைக்கு வலித்தது. இப்போது யோசித்தால் அதுவே நல்லதாகப் போயிற்று. சபாநாயகரின் ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு நீ யாரையும் போய்ப் பார்க்க முடியாது. சாதாரண மனிதனாகப் போவதை யாரும் தடுக்க முடியாது. இதைக்கூட நான் எழுதியிருக்கக் கூடாதோ என்று இருக்கிறது. அந்த வரியை அடித்துவிடப் பார்த்தேன், பேனா நகரவில்லை.

போர்டைத் துடைக்க ஆள் அனுப்புகிறேன். நீ யார் சட்டையையும் பிடிக்காதே. உனக்கு ரத்தக் கொதிப்பு இருக்கிறது.

தங்கை


மே 14

அன்புத் தங்கச்சிக்கு,

நடந்ததைச் சொல்றேன், கேளு.

அண்ணி நூலகத்துக்குப் போய் அந்தக் குறிப்பை வாங்கிப் பார்த்தா. வராதவங்க சில பேர். ஒருத்தர் ஆஸ்பத்திரியில, ஒருத்தர் வெளிநாட்ல. காரணமே இல்லாம வராதவர் ஒரே ஒருத்தர். யாருன்னு நினைக்கிறே? நம்ம பக்கத்துத் தொகுதிக்காரர்! ஆளுங்கட்சி. அவர் ஊர்லயும் தெருவுக்கு நாலு பட்டறை. சனிக்கிழமை சனிக்கிழமை மக்களைப் பார்ப்பாராம். சரின்னு நானும் அண்ணியும் பட்டறைப் பொண்ணுங்க கொஞ்சம் பேரும் பஸ் ஏறிட்டோம். உன் பேரை எடுக்கவே கூடாதுன்னு போறப்பவே பேசி வெச்சுக்கிட்டோம். ஆனா அவருக்கு என்னைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு.

நல்லாத்தான் உட்கார வெச்சார். அண்ணிதான் பேசினா.

"சார், அன்னிக்கு நீங்க ஊர்ல இல்லையா?"

"இருந்தேம்மா."

"உடம்பு சரியில்லையா?"

மனுஷன் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் என்ன நினைச்சாரோ, சொன்னார். "உங்ககிட்ட எதுக்குப் பொய்? அந்தக் கட்டடத்துலதான் இருந்தேன். கேன்டீன்ல. மணி அடிச்சது கேட்டுச்சு. எதிர்த்துப் போடுன்னு கட்சிக் கொறடா சொல்லிட்டார். போட்டா ஊருக்குள்ள தலை காட்ட முடியாது. ஆதரிச்சா கமிட்டித் தலைவர் பதவி போயிடும். என்ன செய்யறதுன்னு தெரியல. ஒரு டீ சொன்னேன். குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க."

அண்ணி சொன்னா: "நீங்க குடிச்சுட்டீங்க சார். எங்களுக்குத்தான் அந்த டீ இன்னும் தொண்டையை விட்டு இறங்கல."

அவர் கோவப்படல. "நான் எதிர்த்துப் போட்டிருந்தா மட்டும் உங்களுக்கு என்ன லாபம்?"ன்னு கேட்டார்.

"ஒரு லாபமும் இல்ல. ஆனா தோத்திருந்தா ஒரு ஓட்டுல தோத்தோம்னு போயிருப்போம். ஆதரிச்சிருந்தா ஜெயிச்சிருப்போம். நீங்க எந்தப் பக்கம் போயிருந்தாலும் என் நாத்தனார் வாயைத் திறக்க வேண்டி வந்திருக்காது. நீங்க செய்ய வேண்டியதை அவ தலையில கட்டிட்டு டீ குடிச்சிருக்கீங்க."

தங்கச்சி, அந்த நிமிஷம்தான் எனக்கே மண்டையில உறைச்சது. ரெண்டு மாசமா நான் தப்பான ஆள் மேல கோவமா இருந்திருக்கேன்.

அவர் அண்ணி கையைப் பார்த்தார். "சட்டம் வந்தாலும் பழைய விபத்துக்குப் பொருந்தாதும்மா. உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. யாராவது சொன்னாங்களா?"ன்னார்.

"தெரியும் சார். நான் நின்ன மெஷின்ல இப்போ வேற ஒரு பொண்ணு நிக்கிறா. இதோ இவதான்"னு பக்கத்துல இருந்தவளைக் காட்டினா அண்ணி. அந்தப் பொண்ணு பாவம், எழுந்து வணக்கம் வெச்சுது.

வாக்கு எதுவும் தரல. "யோசிக்கிறேன்"னு சொன்னார். எல்லாருக்கும் டீ வரவழைச்சார். அண்ணி மட்டும் தொடல.

அடுத்த வாரம் வேற ஒருத்தரைப் பார்க்கப் போறோம்.

அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தைப் படித்தேன். சின்னப் பட்டறைகளையும் உட்படுத்தும் பிரிவை மேலவை சேர்த்துத் திருப்பி அனுப்பப் போகிறது என்று இன்றைய பேப்பரிலேயே வந்துவிட்டது. அதனால் இதை எழுத வேண்டியிருக்கிறது. வாக்கெடுப்பு முடியும் வரை, யாரைப் பார்த்தாய், யார் என்ன சொன்னார்கள் என்பதை எனக்கு எழுதாதே. நான் எதையும் தெரிந்துகொண்டு அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. அந்த உறுப்பினர் வராந்தாவில் எதிரே வந்தால், டீ ஞாபகம் வராமல் அவரைப் பார்க்க வேண்டும். இப்போதே அது கஷ்டமாக இருக்கிறது.

வீட்டு விஷயம் எழுது. குழாய் ஒழுகுவது, மழை, உன் மாத்திரை, எது வேண்டுமானாலும். எழுதாமல் மட்டும் இருக்காதே.

அண்ணி எனக்காகப் பேசினாள் என்பதைப் படித்துவிட்டு வெகுநேரம் வேலை ஓடவில்லை. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீயே சொல்லிவிடு.

தங்கை


ஜூன் 11

அன்புத் தங்கச்சிக்கு,

குழாய் ஒழுகுது. ஆள் வந்து பார்த்துட்டு வேற வாஷர் போட்டான், இப்போ முன்னைவிட நல்லா ஒழுகுது. மழை இல்ல. மாத்திரை போடுறேன். நாங்க ரெண்டு பேரும் அடிக்கடி பஸ்ல எங்கேயோ போறோம், எங்கேன்னு சொல்ல மாட்டோம். வெயில்ல சுத்திக் கறுத்துட்டோம். அண்ணி சௌக்கியம். நீ சொன்னதைச் சொன்னேன். "சரி சரி"ன்னுட்டு அடுப்பைப் பார்க்கப் போயிட்டா. அடுப்புல ஒண்ணுமே இல்ல.

அண்ணன்


ஜூலை 8

அன்புத் தங்கச்சிக்கு,

நேத்து நீ எங்களைப் பார்த்தியா? பார்வையாளர் மாடத்துல ரெண்டாவது வரிசை, தூணுக்குப் பக்கத்துல. சொல்லாம வந்தோம். சொன்னா பாஸ் நீ வாங்கிக் குடுத்த மாதிரி ஆயிடும்னு டாக்டர் அம்மா ஆபீஸ்ல கேட்டு வாங்கினோம்.

உள்ளே விடுறதுக்கு முன்னாடி பேனா, செல்போன், பை எல்லாத்தையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. கை தட்டக் கூடாது, பேசக் கூடாது, எழுந்து நிக்கக் கூடாது, முன்னால சாயக் கூடாதுன்னார் காவலர். "மூச்சு விடலாமா?"ன்னு அண்ணி கேட்டா. அவர் சிரிக்கவே இல்ல.

டிவியில பார்க்குறதைவிடச் சின்ன இடம். நீயும் சின்னதாத் தெரிஞ்சே. தண்ணிக் கிளாஸை எடுத்து எடுத்து வெச்சே, குடிக்கல. மணி அடிச்சுது. கீழே எல்லாரும் வந்துக்கிட்டே இருந்தாங்க. நம்ம பக்கத்துத் தொகுதிக்காரரைக் காணோம். மணி நிக்கப் போகுது, ஆளைக் காணோம். அண்ணி என் முழங்கையை இறுக்கிப் பிடிச்சா. அந்த ரெண்டு விரல்ல அவ்வளவு பலம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. கடைசியில வந்தார், வேர்த்து வழிஞ்சுக்கிட்டு. உள்ளே நுழைஞ்சதும் மேலே நிமிர்ந்து எங்களைத் தேடினார். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு 'ஆம்' பக்கம் நடந்தார். அவங்க கொறடா அவரை ஒரு பார்வை பார்த்தார் பாரு, நானா இருந்தா அங்கேயே உருகிப் போயிருப்பேன்.

நீ சீட்டை வாங்கிப் படிச்சே. ஆம் அதிகம். ரெண்டு ஓட்டு கூட. அண்ணி எழுந்து நின்னுட்டா. "அம்மா, உட்காருங்க"ன்னார் காவலர். உட்கார்ந்தா. அழல. வெளியே வந்து படிக்கட்டுல உட்கார்ந்துதான் அழுதா. அந்தக் காவலரே தண்ணி கொண்டு வந்து குடுத்தார்.

உன்னைப் பார்க்காமலே பஸ் ஏறிட்டோம். முடிஞ்ச கையோட நீ எங்களைப் பார்த்தா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. அதெல்லாம் இப்போ எங்களுக்கும் தெரியும்.

ஒண்ணு கேட்கணும். பஸ்ல வர்றப்போ பூரா அதுதான் மனசுல ஓடுச்சு. அண்ணிகிட்டகூடக் கேட்கல. நேத்தும் சமமா வந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்பே?

அண்ணன்


ஜூலை 15

அன்புள்ள அண்ணா,

பார்த்தேன். நீ அந்த நீலச் சட்டையைப் போடுவதை எப்போதுதான் நிறுத்துவாயோ. பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். இல்லாவிட்டால் முகம் காட்டிக் கொடுத்திருக்கும்.

அந்த உறுப்பினரின் கமிட்டிப் பதவியை மறுநாளே எடுத்துவிட்டார்கள். சபைக் குறிப்பில் வந்துவிட்டதால் எழுதுகிறேன். இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறார். நேற்று கேள்வி நேரத்தில் எழுந்து, முன்னைவிட உரக்கப் பேசினார்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஒரு வாரம் ஆயிற்று. மழுப்பலாக எழுதி, இரண்டு தடவை கிழித்தேன்.

சமமாக வந்திருந்தால் மறுபடியும் 'இல்லை' என்றுதான் சொல்லியிருப்பேன். அண்ணி மேலே உட்கார்ந்திருப்பது தெரிந்தே, அவள் முகத்தைப் பார்த்தே சொல்லியிருப்பேன். மணி அடித்துக்கொண்டிருந்தபோது அதைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் தண்ணீர் இறங்கவில்லை. அப்படி நடந்திருந்தால் நம் வீட்டுப் படியை நான் மறுபடி மிதித்திருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இதை எழுதாமலே விட்டிருக்கலாம். ஆனால் நீ கேட்டுவிட்டாய். அண்ணியிடம் இதைப் படித்துக் காட்டுவதா வேண்டாமா என்பதை உன்னிடமே விடுகிறேன்.

தங்கை


ஜூலை 21

அன்புத் தங்கச்சிக்கு,

படிச்சுக் காட்டினேன். படிக்க மனசு வரல, அதே சமயம் மறைக்கவும் பிடிக்கல. அண்ணி துணி மடிச்சுக்கிட்டே கேட்டா. அந்த வரி வந்ததும் நிமிர்ந்து அவ முகத்தைப் பார்த்தேன். அவ மடிக்கிறதை நிறுத்தவே இல்ல.

"இதை எழுத ஒரு வாரமா அவளுக்கு? எனக்கு மார்ச் மாசமே தெரியும்"னா.

"தெரிஞ்சுமா அவ்வளவு தூரம் அலைஞ்சே?"ன்னேன்.

"தெரிஞ்சதாலதான் அலைஞ்சேன். டீக்காரர் ஒருத்தர் போதும்னு நீங்க உட்காரப் பார்த்தீங்க. அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல் வந்திருந்தா? நம்ம பக்கத்துல வேற யாராவது வழுக்கியிருந்தா? மறுபடி சமமா வந்து அவ தலையில விழும். அவ மறுபடி இல்லைன்னு சொல்லுவா, சொல்லிட்டு வாழ்க்கை பூரா நம்ம முகத்துல முழிக்காம இருப்பா. அதான் உங்களை இன்னொருத்தரையும் பார்க்க இழுத்துட்டுப் போனேன்."

அப்புறம் மடிச்ச துணியை அலமாரியில வெச்சுட்டு வந்து சொன்னா: "லீவு எப்போன்னு எழுதிக் கேளுங்க. பெரிய ரூமைக் காலி பண்ணணும்."

எப்போ வர்றே?

அண்ணன்